தவிட்டிலிருந்து ஃபெரூலிக் அமிலமும் ஒரைசனாலும்: ‘பசுமை’ முறையில் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது?

வடிதாள் எழுதியது:

தவிட்டில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளான ஃபெரூலிக் அமிலத்தை, தீங்கான கரைப்பான்கள் இல்லாத ‘பசுமை’ முறையில் எடுக்கப் பார்க்கிறேன். கோதுமைத் தவிடு, அரைத்து 0.5 மி.மீ. சல்லடையில் சலித்தது. 10 கிராமுக்கு 60% எத்தனால் 200 மி.லி. 20 கிலோஹெர்ட்ஸ் மீயொலிக் கோல், 30 நிமிடம், 50 டிகிரிக்கு மேல் போகவிடாமல். வடிநீரில் ஃபோலின் சோதனை (மொத்த ஃபீனாலை நீல நிறத்தால் அளப்பது) செய்தால் மொத்த ஃபீனால் அமோகமாகக் காட்டுகிறது. அதே வடிநீரை ஹெச்பிஎல்சியில் (பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டினால் ஒரு கிராம் தவிட்டுக்கு 0.05 மில்லிகிராம் ஃபெரூலிக் அமிலம்கூடத் தேறவில்லை.

கேள்விகள்: நேரத்தை 90 நிமிடமாக்கினால் கூடுமா? கோலின் குளோரைடு–கிளிசரால் மாதிரி ஆழ்ந்த யூடெக்டிக் கரைப்பானுக்கு (கலந்து சூடாக்கினால் நீர்மமாகவே நிற்கும் கலவை) மாறலாமா? எரிசோடா தொடாமல் வழியே இல்லையா? இன்னொன்று, அரிசித் தவிட்டு எண்ணெயில் இருக்கும் ஒரைசனாலை ஹெக்சேன் இல்லாமல் எடுப்பது பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காடிச்சட்டி எழுதியது:

90 நிமிடம் இல்லை, 9 மணி நேரம் போட்டாலும் அதேதான் வரும். கோதுமைத் தவிட்டில் இருக்கிற ஃபெரூலிக்கில் 95 சதவீதத்துக்கு மேல் கட்டுண்டு கிடக்குது. செல்சுவரில் இருக்கிற அராபினோசைலன்ங்கிற சர்க்கரைச் சங்கிலியில், அராபினோஸ் சர்க்கரையின் ஐந்தாவது கார்பனில் எஸ்டர் பிணைப்பாக (அமிலமும் ஆல்கஹாலும் சேர்கிற பிணைப்பு) உட்கார்ந்திருக்கு. மீயொலி செய்கிற வேலை துகளை உடைப்பது, கரைப்பானை உள்ளே தள்ளுவது, அவ்வளவுதான். எஸ்டரை அது வெட்டாது. எத்தனாலும் வெட்டாது. உங்களுக்குக் கிடைத்த 0.05 தோல்வி இல்லை, தவிட்டில் கட்டற்று இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதை முழுசா எடுத்துட்டீங்க.

கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: நமக்கு வேண்டிய பொருள் எதோடு, எப்படி ஒட்டிக்கிட்டிருக்கு? ஒரைசனால் எண்ணெயில் கரைந்து கிடக்குது, அதுக்குக் கரைப்பான் போதும். பீட்டா குளூக்கன்ங்கிற நார்ச்சத்து சுவரில் சிக்கியிருக்கு, சுடுநீர் போதும். ஃபெரூலிக்குக்குப் பிணைப்பை வெட்டியாகணும். காரமோ நொதியோ, ரெண்டில் ஒண்ணு.

முதலில் மொத்தம் எவ்வளவு இருக்குன்னு அளந்துக்கோங்க. இது இல்லாமல் எந்த விளைச்சல் சதவீதமும் அர்த்தமில்லை.

எண்ணெய் நீக்கிய தவிடு 0.25 கிராம். 80% எத்தனால் 10 மி.லி. வைத்து இருமுறை கழுவிக் கொட்டிடுங்க, கட்டற்றது போகட்டும். அக நியமமாக (இழப்பைக் கணக்கிட அளவு தெரிந்து சேர்க்கிற பொருள்) 3,5-டைகுளோரோ-4-ஹைட்ராக்சிபென்சாயிக் அமிலம் இந்தக் கட்டத்திலேயே சேர்த்துடணும், கடைசியில் சேர்த்தால் இழப்பு தெரியாது. 2 மோலார் எரிசோடா 10 மி.லி., நைட்ரஜன் 5 நிமிடம் குமிழிட்டு மூடி, இருட்டில், அறை வெப்பத்தில் 4 மணி நேரம் ஆட்டுங்க. பிறகு பனிக்கட்டியில் வைத்து 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கணக்குப்படி 3.3 மி.லி.க்குக் கொஞ்சம் மேல், பிஎச் 2 வரும் வரை. எத்தில் அசிட்டேட் 15 மி.லி. வீதம் மூன்று முறை. 40 டிகிரிக்குக் கீழே ஆவியாக்கி 50% மெத்தனாலில் கரைத்து 320 நானோமீட்டரில் பாருங்க.

கோதுமைத் தவிட்டுக்கு கிராமுக்கு 4 முதல் 7 மில்லிகிராம் எதிர்பார்க்கலாம். மக்காச்சோளத் தவிட்டில் 25–30 வரை போகும். முக்கியச் சிகரத்துக்குப் பக்கத்தில் சின்னதா இன்னொண்ணு முளைத்தால் அது பெரும்பாலும் சிஸ் வடிவம், வெளிச்சம் பட்டு உருவானது. ரெண்டையும் கூட்டிக் கணக்குப் போடுங்க.

எத்தில் அசிட்டேட் இங்கே அளவீட்டுக்கு மட்டும். இதையே உற்பத்தி முறையாக யாரும் எடுத்துக்காதீங்க.

---

எடைக்கல் எழுதியது:

> ஃபோலின் சோதனை செய்தால் மொத்த ஃபீனால் அமோகமாகக் காட்டுகிறது

ஃபோலின் கரைசலுக்கு ஃபீனால் என்று தனியாக எதுவும் தெரியாது. ஒடுக்கும் தன்மையுள்ள எதைக் கண்டாலும் நீலமாகும். ஒடுக்கும் சர்க்கரை, டைரோசின் உள்ள புரதத் துண்டு, அஸ்கார்பிக் அமிலம் எல்லாம் கணக்கில் சேரும். 60% எத்தனாலில் தவிட்டின் சர்க்கரையும் சிறு பெப்டைடுகளும் தாராளமாக வரும்.

அழுத்தச் சூடுநீர் முறையில் (அழுத்தத்தில் வைத்து 100 டிகிரிக்கு மேல் சூடாக்கிய நீரால் எடுப்பது) இது இன்னும் மோசம். 180 டிகிரிக்கு ஏற்றினால் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகும். அந்தப் பழுப்புப் பொருட்களும் ஃபோலினில் ஏறும், ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளக்கும் டிபிபிஎச் சோதனையிலும் ஏறும். ‘வெப்பநிலை கூடக்கூட ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் உயர்ந்தது’ என்று வரைபடம் போடுகிறவர்களில் பாதிப்பேர் அளந்தது ரொட்டி மேலோட்டின் நிறத்தைத்தான். 280 நானோமீட்டரில் ஹெச்பிஎல்சி பார்த்தால், சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரல் தனியாக எழுந்து நிற்கும்.

மீயொலிக் கருவி பற்றியும் ஒன்று. பெட்டியில் 400 வாட் என்று எழுதியிருப்பது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம், திரவத்துக்குள் போவது அல்ல. 200 கிராம் தண்ணீரில் கோலை விட்டு, குளிர்விக்காமல், 2 நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பாருங்கள். 6 டிகிரி ஏறினால் 200 × 4.18 × 6 ÷ 120, ஆக சுமார் 42 வாட். அறிக்கையில் எழுத வேண்டிய எண் இதுதான். கோல் முனையில் குழி விழுந்து சாம்பல் பூத்திருந்தால் இது பாதியாகக்கூடக் குறையும். அரித்த டைட்டேனியம் துகள் உங்கள் வடிதாளில் கறுப்பாகத் தங்கும்.

---

நொதிக்கூடு எழுதியது:

காரம் தொடாத வழி இருக்கிறது. ஆனால் தவிட்டைப் பொறுத்தது.

முதல் வேலை மாவுச்சத்தை நீக்குவது. வணிகத் தவிட்டில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேலும் மாவு ஒட்டியிருக்கும். 100 கிராம் தவிடு, 1 லிட்டர் நீர், பிஎச் 6, வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ், 90 டிகிரி, 45 நிமிடம். அயோடின் சொட்டு விட்டு நீலம் வராததை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 60 டிகிரிக்குக் குளிர்வித்துப் புரோட்டியேஸ் 1 மணி நேரம். நைலான் துணியில் வடித்துச் சுடுநீரால் கழுவுங்கள். இதை விட்டுவிட்டு நேரே நொதிக்குப் போனால் குழம்பு பசையாகி, வடிகட்டலில் அரை நாள் போகும். 90 டிகிரியில் தவிட்டின் சொந்த நொதிகளும் செயலிழந்துவிடும், அதுவும் நல்லதே.

அடுத்தது ஃபெரூலாயில் எஸ்டரேஸ், அதாவது ஃபெரூலிக்கின் எஸ்டர் பிணைப்பை வெட்டும் நொதி. இதைத் தனியாக ஊற்றினால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. நொதியால் நீண்ட பலபடிச் சங்கிலியை நெருங்க முடியாது. சைலனேஸ் என்ற இன்னொரு நொதி முதலில் சங்கிலியைத் துண்டாக்க வேண்டும், ஃபெரூலிக் ஒட்டிய அந்தச் சிறு துண்டுகளில்தான் எஸ்டரேஸ் வேலை செய்யும். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் எஸ்டரேஸும் டிரைகோடெர்மா சைலனேஸும் சேர்ந்து கோதுமைத் தவிட்டிலிருந்து 95% வரை விடுவித்தது 1995-லேயே பதிவான விஷயம். 50 டிகிரி, பிஎச் 5 முதல் 6, 16 முதல் 24 மணி நேரம்.

மக்காச்சோளத் தவிட்டில் இதே சேர்க்கை படுத்துவிடும். அங்கே சைலன் முதுகெலும்பில் கிளைகள் நெருக்கமாக அடைத்திருக்கும், சைலனேஸுக்குக் கால் வைக்க இடமில்லை. ஃபெரூலிக் இரட்டைகள் சங்கிலிகளைக் குறுக்கே தைத்தும் இருக்கும். நீராவி வெடிப்பு அல்லது அழுத்தச் சூடுநீரில் முன்பதம் செய்யாமல் நொதியை வீணாக்காதீர்கள்.

கெடும் இடங்கள் இரண்டு. நொதியின் அலகு பெரும்பாலும் மெத்தில் ஃபெரூலேட் என்ற எளிய சோதனைப் பொருளில் அளக்கப்பட்டது. புட்டியில் 500 அலகு என்றிருந்தாலும் தவிட்டில் அது எதையும் உறுதி சொல்லாது, 5 கிராம் தவிட்டில் முன்னோட்டம் பார்த்தாக வேண்டும். இரண்டாவது கிருமி. இரவு முழுவதும் ஓடிய குழம்பைக் காலையில் திறக்கும்போது கிராம்பு வாடை வந்தால் ஃபெரூலிக் போய்விட்டது என்று பொருள். பேசில்லஸ், லாக்டோபேசில்லஸ் வகைகள் அதன் கார்பாக்சில் தொகுதியைக் கழற்றி 4-வினைல்குவாயக்கால் ஆக்கிவிடும். வெப்பநிலையை 50-க்குக் கீழே விடாதீர்கள், பாத்திரத்தை நீராவியில் சுத்தப்படுத்துங்கள், 24 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள்.

---

வடிதாள் எழுதியது:

கட்டுண்ட அளவு இப்போது கிடைத்தது: கிராமுக்கு 5.1 மி.கி. நன்றி. ஆனால் உற்பத்தி அளவுக்குக் காரமே எளிதாகத் தெரிகிறது. 100 கிராம் தவிட்டுக்கு 0.5 மோலார் எரிசோடா 1 லிட்டர், 60 டிகிரி, 3 மணி நேரம் என்று போட்டேன். அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கொண்டுவந்து குளிரறையில் வைத்தேன். பழுப்பாக நிறைய வீழ்படிந்தது, அதில் ஃபெரூலிக் அமிலம் மிகக் குறைவு. தெளிநீரில்தான் பெரும்பகுதி இருக்கிறது. ஏன் படிகமாகவில்லை?

---

காடிச்சட்டி எழுதியது:

ஏன்னா படிகமாகிற அளவுக்கு அது செறிவே ஆகலை. குளிர்ந்த நீரில் ஃபெரூலிக் லிட்டருக்கு 1 கிராமுக்கும் கீழேதான் கரையும், சரி. உங்க லிட்டரில் இருப்பதே அதிகபட்சம் அரை கிராம். கரைந்தேதான் இருக்கும். கீழே விழுந்தது ஹெமிசெல்லுலோஸில் அமிலத்தில் கரையாத பகுதி, புரதம், கொஞ்சம் லிக்னின். நிறைய பேர் அந்தப் பழுப்பு மண்ணைக் காயவைத்து ‘ஃபெரூலிக் செறிவு’ன்னு பெயர் எழுதி வைக்கிறாங்க.

---

எடைக்கல் எழுதியது:

கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 கிராம் தவிட்டில் ஃபெரூலிக் 0.51 கிராம், அதாவது 2.6 மில்லிமோல். அதை வெட்ட ஊற்றியது 500 மில்லிமோல் காரம், 190 மடங்கு. அசிட்டைல் தொகுதிகளும் புரதமும் கொஞ்சம் தின்னும் என்றாலும் பெரும்பகுதி சும்மா நின்றது. பிறகு அதை நடுநிலையாக்க அதே அளவு அமிலம், விளைவு 29 கிராம் சாதாரண உப்பு. அரை கிராம் பொருளுக்கு 29 கிராம் உப்பு, ஒரு லிட்டர் பழுப்பு நீர். ஹெக்சேனும் இல்லை, மெத்தனாலும் இல்லை என்பதால் இதைப் ‘பசுமை’ என்று எழுதிவிட முடியுமா?

---

காடிச்சட்டி எழுதியது:

எடைக்கல் சொல்றது நியாயம், அதுக்காகக் காரத்தைக் கைவிட வேண்டியதில்லை. செலவைக் குறைக்க வழி இருக்கு.

வெறும் நீருக்குப் பதிலா 60% எத்தனாலில் எரிசோடா. அராபினோசைலன் அந்த எத்தனாலில் பெரும்பாலும் கரையாது, சக்கையோடயே தங்கிடும். எஸ்டர் மட்டும் வெட்டுப்பட்டு ஃபெரூலிக் வெளியே வரும். கூழ் கெட்டியாகாது, வடிகட்டல் நிமிடக் கணக்கில் முடியும், பழுப்பும் குறைவு. நீர்மம் 10-க்கு 1 வேண்டாம், 6-க்கு 1 போதும். 0.25 மோலாரில் தொடங்குங்க.

வடித்த காரநீரை உடனே அமிலத்தில் கொல்லாதீங்க. 5 மி.லி. எடுத்துக் காரம் எவ்வளவு மிச்சம்னு தரம்பார்த்து, குறைந்த காரத்தை மட்டும் சேர்த்து, அடுத்த தவிட்டில் ஊற்றுங்க. ரெண்டு சுற்று, கொஞ்சம் பொறுமையிருந்தால் மூணு. ஃபெரூலிக் செறிவு ஏறும், ஒரு கிராம் பொருளுக்கான உப்பு சரியும். அதுக்கு மேலே போனால் நிறம் ஏறி, பின்வேலை சிரமமாயிடும்.

காற்று புகக்கூடாது. காரத்தில் ஃபெரூலிக் ரெண்டு மின்சுமையோட நிற்கும், ஆக்சிஜன் பட்டால் பழுக்கும். நைட்ரஜன் இல்லாத இடத்தில் சோடியம் சல்ஃபைட் கொஞ்சம் போடுறாங்க. உணவுக்குப் போகிற பொருள்னா சல்ஃபைட் எச்சத்துக்குக் கணக்கு சொல்லணும், நைட்ரஜனே மேல்.

எத்தனாலை மீட்கும் வரிசையைக் கவனிங்க. முதலில் பிஎச் 6.5-க்கு நடுநிலையாக்கி, அப்புறம் குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுக்கணும். காரத்தோட வடித்தால் நீர்மம் சுண்டச்சுண்டக் காரம் செறிவாகி, சர்க்கரை கருகித் தார் மாதிரி ஆயிடும். பிஎச் 2-ல் எத்தனாலோட சூடாக்கினால் ஒரு பகுதி எத்தில் ஃபெரூலேட்டா மாறும், ஹெச்பிஎல்சியில் பின்னால் வருகிற மர்மச் சிகரம் அதுதான். 6.5-ல் ஃபெரூலிக் உப்பா இருக்கும், ஆவியோடயும் போகாது.

---

நொதிக்கூடு எழுதியது:

அதற்குப் பிறகு எத்தில் அசிட்டேட்டுக்குப் பதில் பெருந்துளை ரெசின், அதாவது பொருளைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைக்கும் துளையுள்ள சிறு மணிகள். மின்சுமை இல்லாத பாலிஸ்டைரீன் வகை போதும்.

அரை கிராமுக்கு 30 மி.லி. ஈரப் படுகை. ரெசினை எத்தனாலில் ஊறவைத்து, நீரால் கழுவி, உலராமல் நிரப்புங்கள். நடுவில் காற்றுக் குமிழி சிக்கினால் நீர்மம் ஓரமாக ஓடிவிடும். எத்தனால் நீக்கிய நீர்மத்தை பிஎச் 3-க்குக் கொண்டுவாருங்கள். கார்பாக்சிலின் பிகேஏ (பாதி மின்சுமை பெறும் பிஎச்) சுமார் 4.6 என்பதால் 3-ல் பெரும்பாலும் மின்சுமையற்ற வடிவம், அதுதான் ஒட்டும். விழும் வீழ்படிவை சென்ட்ரிஃப்யூஜில் நீக்கிய பிறகே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் படுகையின் தலை அடைத்துக்கொள்ளும். மணிக்கு 2 முதல் 4 படுகைக் கனஅளவு வேகம். எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தால் ஒட்டுவது வெகுவாகக் குறையும்.

நீரால் கழுவி உப்பையும் சர்க்கரையையும் போக்குங்கள். கழுவுநீரின் மின்கடத்துதிறன் நன்றாக இறங்கிய பிறகு 70% எத்தனால் 3 படுகைக் கனஅளவு. அந்த எத்தனாலை மீட்டு அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்தலாம்.

படுகை நிறைந்து வழிகிறதா என்று பார்க்க ஹெச்பிஎல்சி வரை போக வேண்டாம். வெளியேறும் நீரில் ஒரு சொட்டு வடிதாளில் வைத்து உலர்த்தி, 365 நானோமீட்டர் விளக்கில் பாருங்கள். ஃபெரூலிக் இருந்தால் நீலமாக ஒளிரும். திறந்த அமோனியாப் புட்டியின் வாயருகே தாளைக் காட்டினால் அந்த நீலம் பச்சைக்கு நகரும். அப்படி நகர்ந்தால் கசிவு தொடங்கிவிட்டது, ஏற்றுவதை நிறுத்துங்கள்.

---

வடிதாள் எழுதியது:

அமோனியாச் சோதனை அருமை. ஆழ்ந்த யூடெக்டிக் கரைப்பான் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

எடைக்கல் எழுதியது:

சொல்லாததற்குக் காரணம் உண்டு.

கோலின் குளோரைடு 1 மோல், கிளிசரால் 2 மோல். 100 கிராமுக்கு 43.1 கிராமும் 56.9 கிராமும். 80 டிகிரியில் தெளிவாகும் வரை கலக்கு. எழுதுவது எளிது. கோலின் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். திறந்து வைத்த புட்டியிலிருந்து எடை போட்டால் அதில் எவ்வளவு நீர் என்று கடவுளுக்கே வெளிச்சம். வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் உலர்த்தியே எடை போட வேண்டும். பிறகு கரைப்பான் தேன்போல் தடித்திருக்கும் என்பதால் 20–30% நீரை நாமே சேர்ப்போம், அது வேறு விஷயம்.

கட்டற்ற ஃபீனால்களை அது நன்றாகவே கரைக்கும். ஆனால் கிளிசரால் கலவையும் எஸ்டரை வெட்டாது, முதல் கேள்விக்கான பதில் இங்கும் அதேதான். லாக்டிக் அமிலக் கலவையை நீண்ட நேரம் சூடாக்கினால் அமிலமே கோலினோடு எஸ்டராகிறது, மூன்றாம் சுற்றில் உங்கள் கரைப்பான் முதல் சுற்றின் கரைப்பான் அல்ல.

பெரிய சிக்கல் மீட்பு. இதற்கு ஆவியாகும் வழக்கமில்லை. சாற்றை நான்கைந்து மடங்கு நீரில் நீர்க்கச் செய்து ரெசினில் ஏற்றி, கரைப்பானைக் கழுவி, எத்தனாலில் பொருளை எடுக்க வேண்டும். ஆக எத்தனாலும் வந்தது, ரெசினும் வந்தது, கூடவே நீர்த்துப்போன கோலின் குளோரைடும் வந்தது. அந்த நீரை ஆவியாக்கும் ஆற்றலைக் கணக்கில் சேர்க்காத பசுமை அறிக்கைகளை நான் நம்புவதில்லை. சாற்றைப் பிரிக்காமல் அப்படியே அழகுசாதனக் கலவையில் சேர்ப்பதானால் மட்டும் கதை வேறு, கிளிசரால் அங்கே வரவேற்கப்படும் பொருள்.

---

செக்கடி எழுதியது:

ஒரைசனால் கேள்விக்கு வர்றேன்.

அரிசித் தவிட்டுக்குக் கரைப்பானைவிடக் கடிகாரம் முக்கியங்க. தீட்டின நிமிஷமே லைப்பேஸ் நொதி எண்ணெயோட கலந்துடும். தட்பவெப்பத்தைப் பொறுத்து நாளுக்கு 5–7 சதவீதப் புள்ளி வீதம் கட்டற்ற கொழுப்பமிலம் ஏறும். எக்ஸ்ட்ரூடரில் 125–135 டிகிரி சில நொடி, வெளியே வந்ததும் 97–99 டிகிரியில் 3 நிமிஷம் வைத்துப் பிறகு குளிர்வித்தால் நொதி நிரந்தரமா செத்துடும். ஆய்வக அளவுக்கு, ஈரத்தை 21 சதவீதமாக்கி மைக்ரோவேவில் 3 நிமிஷம். உலர்சூடு மட்டும் கொடுத்தால் நொதி தற்காலிகமாத்தான் அடங்கும், ஈரம் பட்டதும் திரும்ப எழுந்துக்கும்.

1 கிலோ தவிட்டில் எண்ணெய் 150–200 கிராம். அதில் ஒரைசனால் 1–2 சதவீதம், ஆக 1.5–4 கிராம். ஃபெரூலிக்கும் ஸ்டெராலும் சேர்ந்த எஸ்டர் அது, ஒரே பொருள் இல்லை, கலவை. எண்ணெயோட வந்துடும், வெட்ட வேண்டியது எதுவும் இல்லை.

சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது அழுத்தத்தில் வாயுவுக்கும் நீர்மத்துக்கும் இடைப்பட்ட நிலையில் கரைப்பானா வேலை செய்யறது: மாறுநிலை 31 டிகிரி, 73.8 பார். வேலை செய்யறது 350 பார், 50 டிகிரி, அங்கே அடர்த்தி சுமார் 0.9. ட்ரைகிளிசரைடு முதலில் வரும், ஒரைசனால் கரைதிறன் குறைவுங்கிறதால பிந்தைய பகுதியில் செறிவா வரும், 5% எத்தனால் சேர்த்தால் வேகம் கூடும். பாதியிலேயே நிறுத்தினீங்கன்னா எண்ணெய் கிடைச்சிருக்கும், ஒரைசனால் சக்கையில் நிற்கும். பாஸ்போலிப்பிடு வராது, பசை நீக்குகிற வேலை மிச்சம்.

கெடுகிற விதம்: தூளா அரைத்தால் படுகைக்குள் வாய்க்கால் விழுந்து வாயு ஒரே வழியில் ஓடும். வெளியே கொட்டும்போது ஓரத்தில் வெளிறியும் நடுவில் மஞ்சளாவும் இருந்தால் அதுதான் அடையாளம். 0.3–0.6 மி.மீ. துகள், இல்லைன்னா சிறு உருண்டையாப் பிடித்தது நல்லது. ஈரம் 10 சதவீதத்துக்கு மேலே போகக்கூடாது. அழுத்தம் இறங்கும் வால்வில் குளிர்ந்து நீர் பனியாவும், சில சமயம் வாயுவே உலர்பனியாவும் அடைக்கும். வால்வைச் சூடாக்காமல் ஓட்டாதீங்க.

---

வடிதாள் எழுதியது:

அந்தக் கருவி இல்லாதவர்களுக்கு?

---

செக்கடி எழுதியது:

எத்தனால் இருக்குங்க, நீரற்றதுக்கு நெருக்கமா இருக்கணும், 75 டிகிரி. 5% நீர் சேர்ந்தாலே எண்ணெய்க் கரைதிறன் விழுந்துடும், தவிட்டின் ஈரமும் அந்தக் கணக்கில் வரும். சாறு குளிர்ந்ததும் எண்ணெய் தானா அடியில் பிரியும், ஆனா சர்க்கரை, பாஸ்போலிப்பிடு எல்லாம் கூடவே வரும்.

2-மெத்தில்ஆக்சோலேன்னு ஒண்ணு, பழைய பெயர் 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் உணவுச் சாறெடுப்புக்கு அனுமதித்தது. கொதிநிலை 80, ஹெக்சேன் 69. ஃபர்ஃபியூரலிலிருந்து செய்யறாங்க, அந்த ஃபர்ஃபியூரல் 1920-களில் முதன்முதலா வணிக அளவில் வந்ததே ஓட்ஸ் உமியிலிருந்துதான். தானியக் கழிவைத் தானியக் கழிவாலேயே கழுவற மாதிரி.

ஒரு எச்சரிக்கை. இது பெராக்சைடு உண்டாக்கும், அதனால் பெரும்பாலும் பிஎச்டி (BHT) என்கிற ஆக்சிஜனேற்றத் தடுப்பு நிலைப்படுத்தி போட்டுத்தான் விற்பாங்க. கரைப்பான் ஆவியானதும் அந்த பிஎச்டி உங்க எண்ணெயில் தங்கும். அப்புறம் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனை செய்தால் தவிட்டைப் பாராட்டறீங்களா, புட்டியைப் பாராட்டறீங்களான்னு தெரியாது. வெற்றுக் கரைப்பானை அதே அளவு ஆவியாக்கி ஒப்பீடு வைங்க. வடித்தெடுக்கும் முன் பெராக்சைடு பட்டை போட்டுப் பாருங்க, முழுக்க வறளவிடாதீங்க.

அளவிட: எண்ணெய் 0.02 கிராம், ஹெப்டேனில் 25 மி.லி., 315 நானோமீட்டர். உறிஞ்சல் எண்ணை 358.9-ஆல் வகுத்து, அதை 100 மி.லி.யில் இருக்கிற எண்ணெய் எடையால், அதாவது 0.08-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குங்க. 0.43 வந்தால் 1.5 சதவீதம். ஐசோப்ரோப்பனாலில் உச்சம் 327-க்கு நகர்ந்துடும், அங்கே இதே எண்ணைப் போட்டால் தப்பு.

சுத்திகரிக்கிறப்ப காரம் வைத்துக் கொழுப்பமிலத்தை நீக்காதீங்க. ஒரைசனாலில் ஃபீனால் தொகுதி இருக்கு, காரம் பட்டால் உப்பாகிச் சோப்பு வண்டலோட போயிடும், பெரும்பகுதி இழப்பு. வெற்றிடத்தில் நீராவி விட்டு அமிலத்தை ஓட்டுங்க.

---

நொதிக்கூடு எழுதியது:

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. தானியத்தின் நச்சுகள் வெளித்தோலில்தான் குவிகின்றன. கோதுமைத் தவிட்டில் டியாக்சிநிவலினால் என்ற பூஞ்சை நச்சு நீர் கலந்த எத்தனாலில் நன்றாகக் கரையும், ஃபீனாலோடு சேர்ந்து சாற்றுக்கு வரும். அரிசித் தவிட்டின் கனிம ஆர்செனிக் சுடுநீர்ச் சாற்றுக்கு வரும். சாற்றைச் சுண்ட வைத்தால் இவையும் சேர்ந்து சுண்டும். தவிட்டை வாங்கும்போதே சோதித்துத் தொகுதியை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யுங்கள். காரமும் சூடும் பட்ட சக்கைப் புரதத்தில் லைசினோஅலனின் என்ற வேண்டாத பொருள் உருவாகும், அதைத் தீவனமாக்கும் முன் இதையும் அளக்க வேண்டும்.

---

வடிதாள் எழுதியது:

எத்தனால்–எரிசோடா, இரண்டு சுற்று, ரெசின் என்று செய்து பார்த்தேன். வடிகட்டல் உண்மையிலேயே சில நிமிடத்தில் முடிந்தது. ரெசினிலிருந்து வந்ததைச் சுண்டவைத்தால் படிகம் வருகிறது, ஆனால் வெல்ல நிறம். கரியில் போட்டேன், நிறம் போயிற்று, கூடவே பொருளும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

---

காடிச்சட்டி எழுதியது:

கரிக்கு நிறத்தையும் ஃபெரூலிக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, வளையம் இருக்கிற எதையும் பிடிக்கும். கரியை விட்டுடுங்க.

படிகத்தைக் கொதிக்கிற நிலைக்குக் கொஞ்சம் கீழே, 85–90 டிகிரி நீரில், நைட்ரஜன் ஓடவிட்டு, குறைந்தபட்ச நீரில் கரைங்க. சூடாவே வடிங்க, புனலையும் முன்னாடியே சூடாக்கி வைங்க, இல்லாட்டி புனலின் தண்டிலேயே படிகம் கட்டிக்கும். அடியில் கரையாத பிசின் சொட்டா தங்கினால் விட்டுடுங்க, அதுதான் நிறத்தில் பாதி. இருட்டில் மெதுவா அறை வெப்பத்துக்கு, அப்புறம் 4 டிகிரிக்கு. அவசரப்பட்டுப் பனிக்கட்டியில் வைத்தால் ஊசிக்குள்ளேயே பழுப்பு சிக்கிக்கும். குளிர்நீரில் ஒரே ஒரு முறை கழுவுங்க. தாய்நீரை (படிகம் பிரிந்தபின் மிஞ்சும் நீர்) ஊற்றிடாதீங்க, கரைந்த ஃபெரூலிக் கொஞ்சம் அதிலேயே இருக்கும், பிஎச் 3 பார்த்து அடுத்த முறை ரெசினில் ஏற்றுங்க.

உருகுநிலை 168–172 டிகிரிக்குள் விழணும். 160-லேயே ஈரமாகத் தொடங்கினால் இன்னொரு முறை.

---

வடிதாள் எழுதியது:

இரண்டாம் முறைக்குப் பிறகு 169–171. வெளிர் மஞ்சள் ஊசிகள். தாய்நீரைப் பழுப்புப் புட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.